ஓமுவுக்கு எத்தனை அறிவு?

சித்திரக்கதை என்றால் எனக்குத் தெரிந்தது முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவி ஒன்றுதான். அப்புறம் கை போனதெல்லாம் நீலகேசி, மேருமந்தர புராணம் பக்கம். விஞ்ஞானப் புனைகதை என்றாலே ஓடிவிடுவேன். போன விடுமுறைக்கு வந்த பேத்தி, "தாத்தா, இதுல நம்ம சமணம் இருக்கு, படிங்க" என்று ஏழு பாகங்களை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

ஜப்பானியர் ஹயாவோ மியாசாகி எழுதி வரைந்த 'காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா'. 1982 முதல் 1994 வரை, நடுநடுவே நிறுத்தி, ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது. 1984இல் அவரே சினிமாவும் எடுத்தார். அதில் இருப்பது கதையின் தொடக்கப் பகுதிதான். ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். பேரேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிற மாதிரி முதலில் தடுமாறினேன்.

பெரும்போரில் உலகம் எரிந்து ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. பூமியைப் பூஞ்சைக்காடு மூடிவருகிறது. அதன் காற்று நஞ்சு. முகமூடி இல்லாமல் போனால் சாவுதான். காட்டைக் காப்பவை பூச்சிகள். அவற்றில் பெரியது, வீடு பருமனுள்ள ஓமு. சினம் வந்தால் அதன் கண்கள் சிவக்கும், தணிந்தால் நீலமாகும். எல்லோரும் அஞ்சுகிற இந்த ஓமுவிடம் இளவரசி நௌசிகா மனத்தால் பேசுகிறாள். காயம்பட்ட ஓமுக்குட்டியை அவள் தாங்கிப் பிடிக்க, அதன் நீல இரத்தத்தில் அவள் உடை முழுவதும் நனையும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்சநேரம் சும்மா இருந்தேன்.

சமண ஆகமம் உயிர்களைப் புலன்களால் எண்ணுகிறது. மண், நீர், தீ, காற்று, மரம் இவை ஓரறிவு. புழு இரண்டு, எறும்பு மூன்று, வண்டு நான்கு. தொல்காப்பிய மரபியலிலும் எறும்புக்கு மூன்று, தும்பிக்கு நான்குதான். பூச்சி என்று பார்த்தால் ஓமுவுக்கு நாலறிவு. ஆனால் அதற்கு மனம் இருக்கிறதே! மனமுள்ளவற்றை நம்மவர்கள் ஐம்புலன் உயிர்களில் அல்லவா வைத்தார்கள்? ஓமுவுக்குக் காது உண்டா என்று கட்டம் கட்டமாகத் தேடினேன். பேத்தி சிரித்தாள்.

சிக்கல் ஏழாம் பாகத்தில். அந்தக் காடு நஞ்சை உறிஞ்சி மண்ணைச் சுத்தம் செய்கிறது என்பது முன்பே தெரிந்துவிடும். அதைப் பழைய மனிதர்களே அந்த வேலைக்காக உண்டாக்கினார்கள் என்பது கடைசியில்தான் தெரிகிறது. இப்போதுள்ள மக்களின் உடம்பும் நஞ்சுக்கு ஏற்ப மாற்றப்பட்டதுதான். முழுச் சுத்தமான காற்றில் அவர்கள் இரத்தம் கக்குவார்கள். சுத்தமான உலகில் வாழச் சாந்தகுணமுள்ள புது மனிதர்களைக் கருவிலேயே ஒரு கல்லறைக்குள் சேமித்து வைத்திருக்கிறார்கள். நௌசிகா அந்தக் கல்லறையை அழிக்கச் செய்கிறாள், கருக்களோடு சேர்த்து.

இல்லறத்தானுக்குச் சமணம் சமையலில், தொழிலில், தற்காப்பில் நேரும் கொலைக்கு ஓரளவு இடம் தருகிறது. சங்கல்ப ஹிம்சைக்கு, அதாவது நினைத்துச் செய்யும் கொலைக்கு, இடமே இல்லை. இது அதுதான் என்றேன்.

"அப்ப உயிரைத் துடைப்பமா செஞ்சு, பெருக்கி முடிச்சதும் தூக்கிப் போடலாமா தாத்தா? அது எந்த ஹிம்சை?" என்றாள்.

எந்த உயிரும் இன்னொன்றுக்குக் கருவி இல்லை என்று எத்தனையோ மேடையில் நான்தான் பேசியிருக்கிறேன். உடனே பதில் வரவில்லை. அந்தக் கருக்கள் என்ன பாவம் செய்தன என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். ஏழாம் பாகத்தை மட்டும் நான் கொடுத்தனுப்பவில்லை.