உருளும் இல்லத்தில் உறவினரைத் தேடி

விருந்தினராகச் செல்வோர், செல்லும் வீட்டாருக்குச் சுமையாகாதிருத்தல் நற்பண்பு. அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலருக்கு இதில் துணைநிற்பது ‘மோட்டார் ஹோம்’ என்னும் வாகனம். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை, தண்ணீர்த் தொட்டி யாவும் அதனுள் அடக்கம். தமக்கையின் வீட்டு முற்றத்தில் அதை நிறுத்திவிட்டால், பகலெல்லாம் கூடிப் பேசி, இரவில் தம் படுக்கைக்கே திரும்பலாம்.

இவ்வில்லத்திற்கும் கடமைகள் உண்டு. கழிவுநீரை அதற்கென அமைந்த இடங்களில் மட்டுமே வெளியேற்ற வேண்டும். தாழ்ந்த பாலங்களைக் கவனிக்க வேண்டும். தெருவில் இரவு நிறுத்த அனுமதி உண்டா என்று முன்னரே கேட்டறிய வேண்டும்.

இத்தகைய பயணத்திற்கு ஏற்றது நியூயார்க் மாநிலத்தின் ‘விரல் ஏரிகள்’ வட்டாரம். விரல்களைப் போல் நீண்ட 11 ஏரிகள் அங்கே உள்ளன. பனியுகத்தில் பனிப்பாறைகள் பெரிய பள்ளத்தாக்குகளை ஆழமாகக் குடைந்தன; பக்கத்து ஓடைகளோ உயரத்திலேயே நின்றுவிட்டன. ஆகவே அவை அருவிகளாய் வீழ்கின்றன. கயூகா ஏரியை அடுத்த டகானக் அருவியின் உயரம் 215 அடி. நயாகராவைவிட அதிகம். முதியோர் அதனைச் சாலையோரப் பார்வை மேடையிலிருந்தே காணலாம். செனகா ஏரியின் தென்கோடியிலுள்ள வாட்கின்ஸ் கிளென்னில் 19 அருவிகள் உண்டு. அங்கே ஈரமான கற்படிகள் பல ஏற வேண்டும்.

வடக்கே ஆபர்ன் நகரில் வில்லியம் சீவார்டின் மாளிகை காட்சியகமாக விளங்குகிறது. 1867-இல் அலாஸ்காவை 72 இலட்சம் டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்த அமைச்சர் இவரே. ஆயினும், நகரின் விளிம்பிலுள்ள எளிய மனை ஒன்றே நம் உள்ளத்தைத் தொடுகிறது.

அது ஹாரியட் டப்மன் அம்மையாரின் மனை. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்த அவர் 1849-இல் தப்பினார். தாம் மட்டும் விடுதலை பெற்றது அவருக்குப் போதவில்லை. ஏறத்தாழ 13 முறை திரும்பிச் சென்று, உற்றார் நண்பர் என 70 பேரளவில் மீட்டார். 1857-இல் முதிய பெற்றோரையும் அழைத்துவந்து கனடாவில் குடியமர்த்தினார். அந்நாட்டுக் குளிர் அவர்களை வாட்டியது. 1859-இல் சீவார்ட் ஆபர்னை அடுத்துத் தமக்கிருந்த வீட்டையும் நிலத்தையும் ஹாரியட்டுக்கு விற்றார். சட்டத்தின் பார்வையில் அவர் அன்றும் தப்பியோடிய அடிமையே. பெற்றோரை அங்கே வைத்துப் பேணினார் அம்மையார். 1908-இல் அருகிலேயே முதியோர் இல்லம் ஒன்றும் திறக்கப்பெற்றது. 1913-இல் அவர் உயிர் நீத்ததும் அங்கேதான். 2017-இல் இவ்விடம் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று.

உறவினரை அழைத்துவர அவர் உயிரைப் பணயம் வைத்து இரவில் நடந்தார். நமக்கோ பகலிலும் சாலை திறந்திருக்கிறது. அருவி அடுத்த ஆண்டும் வீழும். பழைய மாளிகையைக் காவலர் காப்பர். முதிய அத்தையோ, நோயுற்ற தமையனோ அதுவரை காத்திருப்பரா? எந்த வண்டியில் புறப்பட்டாலும், முதலில் நிற்க வேண்டியது அவர்கள் வாசலில்தான்.