பெர்னாண்டோ என்றால் தமிழரா, சிங்களவரா?

சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையிலுள்ள தம்மாம் நகரில் நாம் பணியாற்றிய 1990களில், இக்காமா எனப்படும் வதிவிட அனுமதிப் புத்தகங்கள் புதுப்பிக்கப்பட்டு வரும் நாள் எமது கம்பனி முகாமில் ஒரு திருநாளைப் போன்றது. அத்தகைய ஒரு நாளில், எழுதுவினைஞராகிய எகிப்தியர் முற்றத்தில் நின்று "பெர்னாண்டோ!" என உரத்துக் கூப்பிட்டார். நால்வர் எழுந்து சென்றனர். ஒருவர் மன்னார்த் தீவின் பேசாலையைச் சேர்ந்த தமிழர். இன்னொருவர் மொரட்டுவையைச் சேர்ந்த சிங்களத் தச்சுத் தொழிலாளி. மூன்றாமவர் தூத்துக்குடிக்காரர். நான்காமவர் நீர்கொழும்பைச் சேர்ந்தவர். தாயுடன் தமிழும் தன் பிள்ளைகளுடன் சிங்களமும் பேசுபவர். தம்மைத்தான் அழைத்தாரோ என்ற ஐயத்துடன் கோவாவைச் சேர்ந்த ஒரு பெர்னாண்டசும் பிலிப்பைன்சைச் சேர்ந்த ஒரு பெர்னாண்டெசும் அவர்கள் பின்னால் போய் நின்றனர்.

"நீங்கள் எல்லோரும் ஒரே குடும்பமா?" என்று எகிப்தியர் கேட்டார். முற்றம் முழுவதும் சிரித்தது.

ஆயினும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அரபு நாடுகளில் ஒருவரின் இறுதிப் பெயர் அவருடைய குலத்தையோ குடும்பத்தையோ காட்டும். தம்மாமில் அத்-தோசரி என்ற பெயருடையவர், 1923ஆம் ஆண்டு பஹ்ரெயினிலிருந்து வந்து இக்கரையில் குடியேறிய தவாசிர் குலத்தவர் என்பதை ஊரே அறியும். அல்-ஹத்தாத் என்றால் அவருடைய முன்னோர் கொல்லர் எனக் கொள்ளலாம். பெர்னாண்டோ என்ற பெயரோ அதைச் சுமப்பவரின் இனத்தையும் காட்டாது, மொழியையும் காட்டாது. அதனால் எம்மவர் சிலர் பட்ட பாடு சிறிதன்று.

இப்பெயரின் வேர் ஐரோப்பாவிலே உள்ளது. பண்டைய செர்மானிய மொழியில் இரு சொற்கள் இணைந்து பிறந்தது இது. முற்பகுதிக்குப் பயணம் என்றும் அமைதி என்றும் இருவகையாகப் பொருள் கூறுவர். பிற்பகுதி துணிவைக் குறிக்கும். ஐபீரியக் குடாநாட்டை ஆண்ட விசிகோத்தர் வழியாக அது அங்கு நிலைபெற்றது. மன்னர் பலர் அப்பெயரைத் தாங்கியமையால் குடிமக்களிடையேயும் பரவியது. அது இத்தாலியிலே பெர்டினாண்டோ என்றும் பெரான்டே என்றும் உருமாறிற்று. 1458 முதல் 1494 வரை நேப்பிள்சை ஆண்ட மன்னன் பெரான்டே என்றே அழைக்கப்பட்டான். பலெர்மோவில் குடியேறியுள்ள எம்மவர் அயல்வீட்டு அழைப்புமணியருகே பெரான்டே என்ற குடும்பப்பெயரைக் கண்டால், அதுவும் பெர்னாண்டோவின் உறவுப்பெயரே என அறிந்துகொள்ளலாம்.

போர்த்துக்கலில் பெர்னாண்டோ என்பது ஆளுக்கு இடும் முதற்பெயர். அவனுடைய மகன் என்பதைக் குறிக்கும் குடும்பப்பெயர் பெர்னாண்டஸ். கோவாவில் அவ்வடிவம் நிலைத்தது. எமது கடற்கரைகளிலோ முதற்பெயரே குடும்பப்பெயராகிவிட்டது.

இப்பெயர் தமிழரிடம் வந்த கதை முத்துக்குளித்துறையில் தொடங்குகிறது. முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசலில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடிய பரதவர், 1535 முதல் 1537 வரையான காலத்தில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். சவேரியார் அக்கரைக்கு வந்தது அதற்குப் பின்னர், 1542இல். திருமுழுக்கின்போது போர்த்துக்கேயரின் பெயர்களே மக்களுக்கு இடப்பட்டன. மச்சாடோ, மிராண்டா, கொரைரா, வாஸ், ரோச் முதலிய பெயர்கள் இன்றும் தூத்துக்குடியில் வழங்குகின்றன. தூத்துக்குடி நகரசபைத் தலைவராக விளங்கி, அந்நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தவர் எனப் போற்றப்படும் இராவ் பகதூர் குரூஸ் பர்னாந்துவை அங்கு எவரும் அந்நியர் என எண்ணுவதில்லை. பர்னாந்து என்பது அம்மக்களின் நாவிலே தமிழாகிவிட்ட வடிவம்.

மன்னாரிலும் மதம் மாறியோர் இருந்தனர். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி அவர்களிற் பலரைக் கொல்வித்தான். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் தூத்துக்குடியையும் பிடித்துக் கத்தோலிக்க மதத்தை ஒடுக்கியபோதும், இப்பெயர்கள் அழியவில்லை.

சிங்களவரிடையேயும் இதே வரலாறு நிகழ்ந்தது. மொரட்டுவை, பாணந்துறை, நீர்கொழும்பு, சிலாபம் முதலிய கரையோர ஊர்களில் பெர்னாண்டோக்கள் நிறைந்துள்ளனர். பெரேரா, சில்வா ஆகியவற்றோடு இதுவும் இலங்கையில் மிகப் பரவலான குடும்பப்பெயராகும். பௌத்தராய் வாழ்வோரிற் பலரும் இப்பெயரைக் கைவிடவில்லை. நீர்கொழும்பு, சிலாபக் கரைகளிலோ தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, பாடசாலையும் கோயிலும் சிங்களமயமானதோடு இருபதாம் நூற்றாண்டில் சிங்களம் பேசுவோராயின. பேச்சு மாறிய பின்னும் பெயர் மாறவில்லை.

1983 யூலையில் கொழும்பு வீதிகளில் காடையர் வழிமறித்தபோது, பெர்னாண்டோ என்ற பெயர் ஒரு தமிழனைச் சிறிது நேரம் காத்திருக்கக்கூடும். ஆனால் வாளியைக் குறிக்கும் "பால்தி" என்ற சொல்லைச் சிங்களவரைப் போல உச்சரிக்கச் சொல்லியும் அவர்கள் ஆளை அடையாளம் கண்டனர். அச்சொல்லும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்ததே என்பது கொடிய வேடிக்கை. பின்னைய காலத்துச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டை காட்டிக்கொடுத்தது. வடக்குக் கிழக்கில் வழங்கப்பட்ட அட்டைகளில் தமிழும் இருந்தது. ஏனைய பகுதிகளின் அட்டைகள் சிங்களத்தில் மட்டுமே இருந்தன. அனைவருக்கும் இருமொழி அட்டை 2014இலேயே வந்தது.

தாய்நாட்டில் தமிழன் எனப் பிடிபட்டவன், தஞ்சம் கோரிய நாட்டில் தமிழனே அல்ல என்று ஐயுறப்பட்ட கதையும் உண்டு. மேலே கூறிய பேசாலை நண்பரின் தம்பி ஐரோப்பிய நாடொன்றில் அகதித் தஞ்சம் கோரியிருந்தார். விசாரணை அதிகாரி கேட்ட கேள்வி: "பெர்னாண்டோ என்பது சிங்களப் பெயரல்லவா? உமக்கு அந்நாட்டில் என்ன ஆபத்து?" பதில் சொல்லத் தெரியாமல் தம்பி திகைத்துப் போனார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. "அண்ணை, எங்கட பெயர் எங்கிருந்து வந்தது?" என்று அவர் எழுதிய கடிதம் தம்மாமுக்கு வந்த அன்றிரவு, எமது அறையில் எவரும் உறங்கவில்லை.

பேசாலைப் பங்குக் கோயிலிலிருந்து ஞானஸ்நான அத்தாட்சிப் பத்திரம் பெறுவதென முடிவாயிற்று. போர்க்காலமாகையால் தபாலை நம்பியிருக்க முடியவில்லை. விடுமுறையில் தஹ்ரான் விமான நிலையத்தினூடாக ஊர் சென்ற மொரட்டுவை பெர்னாண்டோ, கடிதத்தைத் தன் கையோடு கொண்டு சென்றார். மன்னாரிலிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்த பத்திரத்தை, திரும்பும்போது தன் உடுப்புகளுக்கிடையே மடித்து வைத்துக் கொண்டுவந்து தந்தார். "ஒரே பெயர்க்காரரல்லவா அண்ணாச்சி, செய்யாமல் இருப்பாரா?" என்றார் தூத்துக்குடிக்காரர். மேன்முறையீட்டில் அப்பத்திரமும் பிறப்பு அத்தாட்சியும் காட்டப்பட்டன. தம்பிக்கு வதிவிட உரிமை கிடைத்தது.

இதனை வாசிக்கும் பெர்னாண்டோக்களுக்கும், குரூஸ், மிராண்டா, பீரிஸ் முதலிய பெயர்களைத் தாங்கிய எம் உறவுகளுக்கும் கூற விரும்புவது ஒன்றுண்டு. இலங்கையின் பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெற்றோரின் இனத்தைக் குறிக்கும் கூடு இருக்கிறது. தமிழ்மொழி மூலம் கற்றதைப் பாடசாலைச் சான்றிதழ் காட்டும். ஞானஸ்நானப் பதிவேடு பெற்றோரையும் ஊரையும் காட்டும். இவற்றின் பிரதிகளைத் தேடிப் பெற்று, மொழிபெயர்ப்போடு பத்திரமாக வைத்திருங்கள். கேட்கப்படும் இடத்தில் இப்பெயரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். முத்துக்குளித்துறை, போர்த்துக்கேயர், மன்னார் என்னும் மூன்று சொற்களில் அது அடங்கிவிடும். வெளிநாட்டிலே பிறந்த பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள். "உன் பெயர் எந்த நாட்டுப் பெயர்?" என்று வகுப்பறையில் அவர்களை ஒருநாள் எவரேனும் கேட்பர். அந்தத் தம்பியைப் போல அவர்களும் திகைத்து நிற்க வேண்டியதில்லை.