படிவமும் ஏடும்: முதல் இனக்குழுவை எழுதும் முறை

பிற மாநிலங்களில் தமிழர் நால்வர் கூடினால் அங்கே ஒரு சங்கமும், சங்கம் தோன்றினால் அதற்கொரு கணக்கேடும் தோன்றிவிடுகின்றன. மும்பைப் புறநகர் ஒன்றில் நாம் வாழ்ந்த தெருவிலும் அத்தகைய சேமநிதி ஒன்று இருந்தது. உறுப்பினர் இருபதின்மர், ஒவ்வொருவரும் திங்கள்தோறும் செலுத்துவது 100 ரூபாய். பதினெட்டுத் திங்கள் காகித ஏட்டில் எழுதப்பட்டு வந்த அக்கணக்கைக் கணிப்பொறிக்கு மாற்றும் பொறுப்பை, அப்பொழுதுதான் நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்த நாம் ஆர்வத்தோடு ஏற்றோம். அதனால் விளைந்த இடரையும், இனக்குழு என்பது யாது என்பதை அவ்விடரே நமக்குத் தெளிவித்த வகையையும் நேயர்களுக்குக் கூற விழைகின்றோம்.

ஆங்கிலத்தில் கிளாஸ் எனப்படுவதையே தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இனக்குழு என்று வழங்குகின்றன. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் பாஸ் புத்தகத்தை எண்ணிப் பாருங்கள். பெயருக்கு ஓரிடம், தேதிக்கு ஒரு பத்தி, தொகைக்கு ஒரு பத்தி என்று அமைந்த அச்சுப் படிவம் ஒன்றே. ஆனால் அப்படிவத்தின்படி அச்சான ஏடுகளோ பல. உங்கள் ஏட்டில் எழுதிய தொகை அண்டை வீட்டார் ஏட்டில் ஏறுவதில்லை. படிவம் இனக்குழு, ஏடு ஒவ்வொன்றும் ஒரு பொருள். இம்முறை பிறந்த இடம் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரம். வரிசையில் காத்திருப்போர், அவர்களுக்குப் பணிபுரிவோர் போன்றவற்றின் இயக்கத்தைக் கணிப்பொறியில் நடத்திப் பார்க்க விரும்பிய டால், நிகார்டு என்னும் இருவர், 1967இல் சிமுலா மொழியில் இனக்குழுவை அமைத்தனர்.

நாம் பயன்படுத்தியது 1991இல் வெளிவந்த பைத்தான் மொழி. 2008இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல், நாம் இடும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுத இயலும்; மொழிக்குரிய கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும். மராத்தியிலும் இந்தியிலும் பயின்று தமிழெழுத்தை மறந்துவரும் நம் பிள்ளைகளுக்கு இதுவும் ஒரு பயிற்சியே!

முதல் வரியில் கிளாஸ் என்ற கட்டளைச் சொல், அடுத்து உறுப்பினர் என்ற பெயர், இறுதியில் முக்காற்புள்ளி. இதன் கீழ் வருவன யாவும் உள்தள்ளி அமைய வேண்டும்; நான்கு எழுத்திடம் விடுதல் வழக்கு. அடுத்து, டெஃப் என்ற சொல்லால் செயற்கூறுகளைத் தொடங்குகின்றோம். அவற்றுள் இனிட் என்னும் பெயருடையது ஆக்கி. அப்பெயரின் இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் இடுதல் வேண்டும். புதிய ஏடு ஒன்று பிறக்குந்தோறும் ஆக்கி தானே இயங்கி, உறுப்பினர் பெயரை அதில் பதிகின்றது. பின்னர், செலுத்து என்றொரு செயற்கூறு. மொத்தம் என்று மற்றொன்று.

செயற்கூறு எழுதப்படுவது ஒரே முறை. பயன்படுத்தும் ஏடுகளோ இருபது. அவ்வாறாயின், செலுத்து என்றவுடன் தொகை எவருடைய ஏட்டில் ஏறும்? இதனைத் தெரிவிக்கவே ஒவ்வொரு செயற்கூற்றின் அடைப்புக்குறிக்குள்ளும் முதலிடத்தில் செல்ஃப் என்று எழுதுகின்றனர். அஃது அம்மொழியின் கட்டளைச் சொல் அன்று, வெறும் வழக்கே. ஆகவே அதனிடத்தில் நாம் 'தன்' என்று எழுதினோம். தன், ஒரு புள்ளி, பெயர் என்று எழுதினால் 'இந்த ஏட்டுக்குரிய பெயர்' என்று பொருள்படும். தமிழ் அறிந்தவர்க்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டுவதில்லை. எனினும், பிற மொழியினரும் படிக்கவேண்டிய நிரலில் பொதுவழக்கைக் கைக்கொள்வதே முறை.

இத்துணையும் செவ்வனே செய்த நாம், ஒரே ஒரு வரியை இடம் மாற்றி எழுதிவிட்டோம். செலுத்திய தொகைகளை வரிசையாகக் குறிக்கும் வெற்றுப் பட்டியலை ஆக்கிக்குள் 'தன்' என்பதோடு சேர்த்து அமைக்காமல், அதற்கு மேலே, இனக்குழுவின் தலைப்பை அடுத்து எழுதினோம். ஓர் உறுப்பினர் பெயரை மட்டும் இட்டுச் சோதித்தோம். விடை சரியாக வந்தது. மகிழ்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருபதின்மர் கணக்கையும் ஏற்றி முடித்தோம்.

அடுத்த வாரம், திருநெல்வேலிக்குத் திரும்ப இருந்த மூதாட்டியார் ஒருவர் தம் தொகையைப் பெற்றுக்கொள்ள வந்தார். கணிப்பொறி 36,000 ரூபாய் என்று காட்டிற்று. அவர் தம் சிறு குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, "நான் கட்டினது ஆயிரத்து எண்ணூறுதானே தம்பி, இது யார் பணம்?" என்று வினவினார். அங்கிருந்தோர் சிலர் பொருளாளரை ஐயத்தோடு நோக்கினர். அவரோ ஒரு பிழையும் அறியாதவர்.

நிகழ்ந்தது இதுதான். இனக்குழுவின் தலைப்பை அடுத்து எழுதிய பட்டியல் படிவத்துக்கே உரியது. இருபது ஏடுகளுக்கும் பொதுவாக அலுவலகச் சுவரில் ஒரே தாளை ஒட்டி, யார் செலுத்தினும் அதிலேயே எழுதினாற்போல் ஆயிற்று. பெயர்கள் ஆக்கிக்குள் அமைந்தமையால் தனித்தனியே நின்றன; தொகைகள் மட்டும் ஒன்றாய்க் கலந்துவிட்டன. பட்டியலுக்கு மாறாகச் சுழியம் என்ற எண்ணை அங்கு வைத்து, 'தன்' என்பதோடு சேர்த்துத் தொகையைக் கூட்டியிருந்தால் இப்பிழை வெளிப்பட்டிராது. ஏனெனில், முதன்முறை கூட்டும்பொழுதே அந்த ஏட்டுக்கெனத் தனி எண் ஒன்று உண்டாகிவிடும். எண்ணை இட்டுப் பழகியவர் பட்டியலில் தடுக்கி விழுவது இதனாலேயே.

அவ்வரியை ஆக்கிக்குள் கொண்டுசென்று, முன்னே 'தன்' என்பதையும் புள்ளியையும் சேர்த்தோம். செலுத்து என்பதற்குள், சுழியத்தையும் அதனிற் குறைந்த தொகையையும் ஏற்காது மறுக்குமாறு ஒரு நிபந்தனையும் இட்டோம். இம்முறை இரண்டு உறுப்பினரை ஆக்கி, ஒருவர் பெயரில் மட்டும் 100 ரூபாய் செலுத்தி, மற்றவர் மொத்தத்தைக் கேட்டோம். சுழியம் என்று வந்தது. அதன் பின்னரே கணக்குகளை மீண்டும் ஏற்றினோம். மூதாட்டியார் தம் குறிப்பேட்டோடு ஒப்புநோக்கி, 1,800 ரூபாயை எண்ணிப் பெற்றுக்கொண்டு, பொருளாளரிடம் நலம் விசாரித்துவிட்டுச் சென்றார்.