எண்பது நாற்காலி, எத்தனை வாரச் சம்பளம்?

மேற்கத்திய இசையின் கிரேடு தேர்வுக்குப் பணம் கட்ட இந்த மாதக் கடைசிதான் கெடு. அதனாலோ என்னவோ, இரண்டு வாரமாக வரும் கடிதங்களில் பாதி வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டே வருகின்றன. அயனம்பாக்கத்திலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "பையன் அஞ்சாம் கிரேடு போறான். மும்பை சிம்பொனிக்குப் புதுத் தலைமை வந்திருக்காமே, நாளைக்கு இவனுக்கு அங்கே வேலை கிடைக்குமா?" அம்பத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்குக் கோபம்: "இங்கே ராஜா இருக்கும்போது மியூசிக் டைரக்டர் வேலைக்கு வெள்ளைக்காரர் எதற்கு?"

சிம்பொனி என்றால் என்ன என்ற பாடத்தைத் தவிர்த்துவிடுகிறேன். 2025 மார்ச் 8 அன்று இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றிய வாரத்தில் அந்தப் பாடம் டீக்கடைகளிலேயே நடந்து முடிந்துவிட்டது.

அங்கே மியூசிக் டைரக்டர் யார்?

நம்மூரில் மியூசிக் டைரக்டர் என்றால் மெட்டுப் போடுபவர். ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண ரிசப்ஷனில் பாடும் மெல்லிசைக் குழு. குழப்பத்தின் வேர் இந்த இரண்டு சொல்தான். சிம்பொனி உலகில் மியூசிக் டைரக்டர் ஒரு சுரம்கூட எழுத வேண்டியதில்லை. எதை வாசிப்பது, யாரைச் சேர்ப்பது, குழுவை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று முடிவெடுப்பதுதான் வேலை. மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவில் அந்தப் பதவி, கஜகஸ்தான் வயலின் கலைஞர் மராட் பிசென்கலியேவுக்கு. என்.சி.பி.ஏ. என்னும் கலை மையத்தின் தலைவர் குஷ்ரூ சன்டூக்கும் அவரும் சேர்ந்து தொடங்கிய குழு அது. இப்போது பேசப்படும் புதியவர் மார்ட்டின் பிராபின்ஸ், இங்கிலாந்துக்காரர், தலைமை நடத்துநர்.

'இந்தியாவின் ஒரே தொழில்முறை சிம்பொனி' என்கிறார்களே?

இந்த விளம்பர வரியில் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். தொழில்முறை என்றால் வாசித்துச் சோறு தின்பது. அந்தக் கணக்கில் கோடம்பாக்கத்தின் வயலின் வரிசைகள் 2006க்குப் பல பத்தாண்டு முன்பே தொழில்முறைதான். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சங்கம் கட்டிக் கூலிக்காகப் போராடியது அவர்களுக்காகத்தான். 'ஒரே' என்ற சொல் என்.சி.பி.ஏ. இருக்கும் நரிமன் பாயிண்ட்டிலிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற சொல்.

அதைவிட முக்கியம், அந்தக் குழு எப்படி ஓடுகிறது என்பது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பெர்மனன்ட் கொஞ்சம், கான்ட்ராக்ட் நிறைய. மும்பையிலேயே தங்கி ஆண்டு முழுதும் வாசிப்பதும் கற்றுத்தருவதுமாக இருப்பது ஒரு சிறு குழு. பெரிய சிம்பொனிக்கு எண்பது, தொண்ணூறு பேர் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு சீசன், ஒவ்வொன்றும் சில வாரம். அந்த வாரங்களுக்கு மட்டும் மீதி நாற்காலிகள் விமானத்தில் வந்து இறங்கும். வருபவர்களில் பலர், பிசென்கலியேவ் 2003இல் தொடங்கிய மேற்குக் கஜகஸ்தான் பில்ஹார்மோனிக்கைச் சேர்ந்தவர்கள்.

கெட்டிக்கார ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன். எண்பது அந்நியர்களை ஒன்றாக மூச்சுவிட வைக்க ஆண்டுகள் பிடிக்கும். ஏற்கெனவே ஒன்றாக மூச்சுவிடும் குழுவைக் கூட்டிவந்தால் முதல் நாளே மேடையேறலாம். மீதி மாதங்களுக்குச் சம்பளப் பட்டியலும் கிடையாது. கோடம்பாக்கத்து மொழியில் சொன்னால் கால்ஷீட். ஆனால் சீசன் முடிந்து விமானம் ஏறும்போது அவர்களோடு அந்த ஒலியும் ஏறிவிடுகிறது. இங்கே தங்குவது பெயர்ப்பலகையும் சிறு குழுவும்.

எல்லோரையும் பெர்மனன்ட் ஆக்கினால் என்ன? ஒரு மனக்கணக்கு, தொகைகள் என் ஊகம். என்.சி.பி.ஏ.வின் ஜாம்ஷெட் பாபா அரங்கில் 1,109 இருக்கை. டிக்கெட் சராசரி 1,500 ரூபாய், ஒரு சீட்டும் காலியில்லை என்றால் ஓர் இரவுக்கு 16.6 லட்சம். 85 பேருக்கு மாதம் 60,000 என்றால் சம்பளமே 51 லட்சம். மாதத்தில் மூன்று இரவு அரங்கு வழிந்தாலும் ஒரு லட்சத்துக்கு மேல் இடிக்கிறது. நடத்துநர், விளக்கு, ஏசி எதுவும் இதில் சேரவில்லை. ஆகவே புரவலர் இல்லாமல் இது நடக்காது, எந்த நாட்டிலும்.

இங்கேதான் பிராபின்ஸின் பழைய கதை உறுத்துகிறது. லண்டனில் இங்கிலீஷ் நேஷனல் ஆப்பெராவின் இசை இயக்குநராக இருந்தவர். 2023 அக்டோபரில் அங்கே நிர்வாகம் வாத்தியக் குழுவில் 19 இடங்களை வெட்டி, மீதிப் பேரைப் பகுதிநேர ஒப்பந்தத்துக்கு மாற்றத் திட்டமிட்டபோது, எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார். பகுதிநேரம் கூடாது என்று லண்டனில் எழுந்து போனவர், பகுதிநேரத்தையே அடித்தளமாகக் கொண்ட மும்பைக் குழுவில் வந்து அமர்ந்திருக்கிறார். முரண் என்று நக்கலடிக்க எனக்கு விருப்பமில்லை. இருந்ததைப் பறிப்பதும் இல்லாததைக் கட்டுவதும் ஒன்றல்ல. ஆனால் புதுத் தலைமை எந்த பேத்தோவனை வாசிக்கப்போகிறது என்று கேட்கும் பத்திரிகைகள், இன்னும் ஐந்தாண்டில் எத்தனை பேருக்கு எத்தனை வாரச் சம்பளம் என்றும் கேட்டிருக்கலாம். திட்டம் என்று ஒன்று இருந்தால் அது அந்த எண்ணில்தான் இருக்கும்.

இந்தியப் பிள்ளைகள் எப்போது உட்காருவார்கள்?

மும்பைக் குழுவினர் 2012 முதல் ரஷ்ய முறையில் சிறுவர்களுக்குத் தீவிரப் பயிற்சி தருகிறார்கள். ஒரு நாற்காலிக்கு ஆள் தேற ஏறக்குறைய பத்தாண்டு.

பிராபின்ஸ் மும்பைக்குக் குடிவருவாரா?

அந்த வழக்கமே இல்லை. சிகாகோ சிம்பொனியில் 2027இல் மியூசிக் டைரக்டராகப் பொறுப்பேற்கும் கிளாவுஸ் மாகெலா, சுற்றுப்பயணம் சேர்த்து ஒரு சீசனுக்குக் குறைந்தது 14 வாரம் தருவதாகத்தான் ஒப்பந்தம்.

ராஜாவை ஏன் போடவில்லை?

எழுதுவது ஒரு தொழில், குழுவை நடத்துவது வேறு தொழில். லண்டனில் அவருடைய சிம்பொனியை நடத்தியவர் மைக்கேல் டாம்ஸ். அவரும் மும்பைக் குழுவில் நடத்துநராக இருந்தவர்தான்.

சென்னையில் மாதச் சம்பளத்துக்கு வாசிக்கும் குழுவே இல்லையா?

இருக்கிறது. காவல்துறை பேண்டு.

ஏழைப் பிள்ளைகளுக்கு?

ஏ.ஆர். ரஹ்மானின் கே.எம். இசைப் பள்ளியில் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா, கட்டணம் இல்லை.

அயனம்பாக்கம் தாயாருக்கு:

கிரேடு சான்றிதழைப் பார்த்து எந்தக் குழுவும் வேலை தராது. வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் எடுப்பார்கள். பையனின் கை கொஞ்சம் நீளம் என்றால் வயலினோடு வயோலாவும் பழக்கிப் பாருங்கள். வயலினுக்கு வரிசை நீளம், வயோலாவுக்கு எந்த ஊரிலும் ஆள் தேடுகிறார்கள். தேர்வுப் பணத்தை மட்டும் கடைசி நாளுக்கு வைத்திருக்க வேண்டாம், அன்றைக்கு சர்வர் படுத்துக்கொள்ளும்.