எடிட்டிங் மேசை யார் கையில்?

உத்தரப்பிரதேசத்தின் சித்ரகூட் மாவட்டத்தில் 2002-ல் தொடங்கிய பத்திரிகை ‘கபர் லஹரியா’. நடத்துபவர்கள் கிராமத்துப் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். அச்சிலிருந்து வீடியோவுக்கு மாறியபோது, செல்போனிலேயே படம்பிடிக்கக் கற்றார்கள்.

அவர்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் 2022 ஆஸ்கர் விருதின் இறுதிப் பட்டியல் வரை சென்றது. ஆனால், ஒரே கட்சியைப் பற்றிய செய்திகளிலேயே தாங்கள் குறியாக இருப்பதுபோல் படம் காட்டுகிறது, அது சரியல்ல என்று அவர்களே அறிக்கை விட்டனர். எதை வைப்பது, எதை வெட்டுவது என்ற முடிவு வேறு கைகளில் இருந்தது.

நம் பிள்ளைகள் பலர் கல்யாண வீடியோவுக்கு லைட் பிடிக்கப் போகிறார்கள். முகூர்த்த மாதங்களோடு வருமானம் சரி. ஒலிப்பதிவு, எடிட்டிங், வண்ணத் திருத்தமும் தெரிந்தால் செய்தி, விளம்பரம், யூடியூப் என ஆடியிலும் மார்கழியிலும் வேலை தேடலாம். பழக, ‘டாவின்சி ரிசால்வ்’ இலவசப் பதிப்பே போதும். ஓரளவு நல்ல கம்ப்யூட்டர்தான் செலவு; நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு, சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் படத்தொகுப்புக்கு 4 ஆண்டுப் பட்டப்படிப்பு உண்டு.

முதல் பயிற்சிக்கு வெளியூர் போக வேண்டாம். உங்கள் தெருவின் மயானப் பாதையை ஐந்து நிமிடப் படமாக எடுத்து, நீங்களே வெட்டிப் பாருங்கள்.