செத்த எலும்பை விட்டுவைத்தால் சீழ் நிற்காது

எலும்பு முறிந்து பிளேட் வைத்தாயிற்று. மாதங்கள் ஓடியும் எலும்பு கூடவில்லை, தையல் போட்ட இடத்தில் சீழ் வடிகிறது. இந்த நிலையில் வீட்டார் கேட்பது, இன்னும் வீரியமான ஆன்டிபயாடிக் போட்டால் சரியாகிவிடாதா என்றுதான். ஆகாது. மருந்து ரத்தத்தோடு போய்த்தான் எலும்பைச் சேரும். ரத்த ஓட்டம் அற்றுச் செத்துப்போன எலும்புத் துண்டுக்குள் அது நுழைய வழியே இல்லை. போதாததற்கு, அந்தத் துண்டின் மேலும் பிளேட், ஸ்குரூவின் மேலும் கிருமிகள் வழவழப்பான ஒரு படலத்தை உண்டாக்கி அதற்குள் பதுங்கிக்கொள்கின்றன. மாத்திரை சாப்பிடும்வரை சீழ் அடங்கும். நிறுத்தியதும் புண் மறுபடி வாய் திறக்கும்.

ஆகவே இங்கே முதல் மருந்து கத்திதான். சீழ்பட்ட பிளேட்டை எடுத்துவிட்டு, பல இடங்களிலிருந்து திசுவை, எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, மருத்துவர் செத்த எலும்பைச் செதுக்கிக்கொண்டே போகிறார். வெளிறிய எலும்பில் மிளகாய்ப்பொடி தூவினாற்போல் ரத்தப் புள்ளிகள் அரும்பும் இடத்தில்தான் உயிருள்ள எலும்பு தொடங்குகிறது. அதுவரை கை தயங்கக் கூடாது.

கூடாத எலும்பை மேலும் வெட்டினால் இடைவெளி பெரிதாகாதா? ஆகும், 5 செ.மீ.கூட ஆகலாம். ஆனால் இடைவெளியை நிரப்ப வழி உண்டு, உள்ளே விட்ட தொற்றுக்கு இல்லை. சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய டாக்டர் இலிசரோவ், எலும்பில் கம்பிகளைக் கோத்து வெளியே வளையங்களில் பூட்டும் கருவியை 1950களில் உருவாக்கினார். நல்ல பகுதியில் எலும்பை வெட்டி, அந்தத் துண்டை நாளுக்கு 1 மி.மீ., அதையும் கால் கால் மி.மீ.யாக நகர்த்தினால், பின்னால் புது எலும்பு வளர்ந்துகொண்டே வருகிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புரூமெல், மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல அறுவைகள் பலிக்காத அந்தக் காலைக் கூட்டிவைத்தவர் இலிசரோவ்தான். புரூமெல் மீண்டும் தாண்டினார். பிரான்ஸின் டாக்டர் மாஸ்கலே சொன்ன வழி வேறு: இடைவெளியில் எலும்பு சிமென்டை 6 முதல் 8 வாரம் வைத்தால் சுற்றிலும் ரத்தம் ஓடும் ஒரு சவ்வு உருவாகிறது. பிறகு சிமென்டை எடுத்து, இடுப்பெலும்பிலிருந்து சுரண்டிய எலும்புத் துகளை அங்கே நிரப்புகிறார்கள்.

இத்தனை காலம் யார் தாங்குவது என்பது நியாயமான கேள்வி. இலிசரோவ் முறையில் 5 செ.மீ. நகரவே 50 நாள். புது எலும்பு கெட்டிப்பட அதைவிட அதிக காலம். கம்பி நுழைந்த இடங்களில் வலியும் சிறு தொற்றும் வரும். நரம்பும் ரத்தக்குழாயும் அடியோடு கெட்ட காலுக்கு, அதை அகற்றிச் செயற்கைக் கால் பொருத்துவதும் கௌரவமான சிகிச்சையே. ஆனால் காப்பாற்றக்கூடிய காலை மேலோட்டமாகச் சுத்தம் செய்து ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பதை ஏற்க முடியாது.

பீடி, சிகரெட்டை இன்றே விடுங்கள்; அது எலும்பு கூடுவதைத் தடுக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். கல்ச்சரில் என்ன வந்தது, செத்த எலும்பு முழுவதும் எடுக்கப்பட்டதா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.