காதில்லாத சிவப்புக் காது ஆமை

வண்ணமீன் கடைகளின் கண்ணாடித் தொட்டிகளில், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய உடலோடு தளிர்ப் பச்சையில் நீந்தும் ஆமைக்குஞ்சுகளுள் பெரும்பாலானவை சிவப்புக் காது ஆமை என்னும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப்படுகை முதல் மெக்சிகோவின் வடகிழக்கு வரை, ஓட்டம் குறைந்த ஆறுகளிலும் செடி அடர்ந்த குளங்களிலும் இயல்பாக வாழும் இந்த நன்னீர் ஆமைக்கு அறிவியல் வைத்த பெயர் டிராகெமிஸ் ஸ்கிரிப்டா எலிகன்ஸ். இலத்தீனில் ஸ்கிரிப்டா என்றால் ‘எழுதப்பட்டது’ என்று பொருள். ஓட்டிலும் தோலிலும் நெளிந்தோடும் மஞ்சள் கோடுகள் கையெழுத்தைப் போலத் தோன்றுவதால் அந்தப் பெயர் பொருந்துகிறது. வயது முதிர்ந்த ஆண்களில் கருநிறமி பரவி இந்த எழுத்தையே மறைத்துவிடுவதும் உண்டு.

கண்ணுக்குப் பின்னால் உள்ள சிவப்புப் பட்டையைக் காது என்று சொல்கிறார்களே தவிர, ஆமைக்குப் புறச்செவி கிடையாது. செவிப்பறை தோலுக்கு அடியில் மறைந்திருப்பதால் தாழ்ந்த ஒலிகளையும் அதிர்வுகளையுமே அது நன்றாக உணர்கிறது. நீரின் மேல் சாய்ந்து கிடக்கும் மரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது ஆளரவம் பட்டால், அடுத்த நொடியே சறுக்கி நீருக்குள் விழுந்துவிடும்; ‘சறுக்குவது’ என்று பொருள்படும் ஸ்லைடர் என்னும் ஆங்கிலப் பெயர் இந்தப் பழக்கத்தால் வந்தது.

வெயில் காய்வதைச் சோம்பல் என்று எண்ணுவது பெரும் பிழை. ஊர்வனவற்றின் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாததால், தின்றது செரிப்பதற்கே கதிரவனின் துணை வேண்டும். அதோடு, வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டு உருவாகும் வைட்டமின் டி3 இருந்தால்தான் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். ஆமையின் ஓடு கழற்றி மாட்டும் கவசம் அன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றோடொன்று இணைந்த எலும்புக்கூட்டின் ஒரு பகுதி அது. நம் நகத்திலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தாலான தகடுகள் அதன் மேல் போர்த்தியிருக்கின்றன. ஆகவே வெயில் புகாத அறையில், சிறு கிண்ணத்தில் வளர்க்கப்படும் குஞ்சின் ஓடு மென்மையாகி, விரலால் அழுத்தினால் அமுங்கும் நிலைக்கு வருகிறது. அது எலும்பே நலிகிறது என்பதன் அடையாளம்.

அந்தக் கிண்ணம் நெடுநாள் போதவும் போதாது. முழு வளர்ச்சி பெற்ற பெண் ஆமை 25 முதல் 30 செ.மீ. வரை நீளும், நன்கு பேணினால் 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆண் சற்றுச் சிறியது, ஆனால் அதன் முன்னங்கால் நகங்கள் மிக நீளமானவை. பெண்ணின் முகத்துக்கு நேரே நீந்தி நின்று, அந்த நகங்களை அதன் கன்னத்தருகே படபடவென்று அதிரச் செய்து இணைய அழைக்கும் காட்சி, இவ்வளவு நிதானமான விலங்கிடம் எதிர்பாராத நளினம் உடையது.

ஆமை முட்டையிட்டு நீங்கியபின் நினைவாலேயே அடைகாக்கும் என்பது தமிழ்ச் சமய மரபில் வழங்கிவரும் உவமை. உண்மையில் அடைகாப்பது மண்ணின் வெப்பமே. அவ்வெப்பம் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் தீர்மானிக்கிறது. தாய் பின்னங்கால்களால் குழி தோண்டி இட்ட முட்டைகள் சுமார் 26 பாகை செல்சியசில் இருந்தால் ஆண்களும், 31 பாகையை ஒட்டி இருந்தால் பெண்களும் பிறக்கின்றன. இந்த இனத்தின் கருக்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, குளிர்ந்த நிலையில் முனைப்பாக இயங்கும் கேடிஎம்6பி என்னும் மரபணுவை அடக்கினால், ஆணாக வேண்டிய கருக்களில் பெரும்பாலானவை பெண்ணாக மாறுவதைக் காட்டியது. வெப்பம் மரபணுவோடு எப்படிப் பேசுகிறது என்ற நெடுநாள் புதிருக்கு அது தெளிவான ஒரு விடை.

இவ்வளவு நுட்பமான உயிரி வணிகப் பண்டமானதில் தொல்லையும் பிறந்தது. ஆமைக்குஞ்சுகளைக் கையாண்ட குழந்தைகளுக்குச் சால்மோனெல்லா என்னும் குடற்கிருமி தொற்றியதால், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது. ஆயினும் பண்ணைக் குஞ்சுகள் அயல்நாடுகளுக்குக் கோடிக்கணக்கில் ஏற்றுமதியாயின. வாங்கியவர்கள், அவை பெரிதானதும், இரக்கத்தோடுதான் பலரும், அருகிலுள்ள குளத்தில் விட்டனர். இன்று உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றுள்ளது. இந்தியாவின் நாட்டு ஆமைகளுள் பலவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்றிருக்க, அயல் ஆமையான இது கடைகளில் வெளிப்படையாக விற்கப்பட்டு வந்திருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து சுங்கத்துறையினர் இக்குஞ்சுகளைப் பலமுறை கைப்பற்றியும் உள்ளனர்.

குளத்துக்குப் போன ஆமை அங்கே செய்வது என்ன என்பதைப் பிரான்சில் நடந்த சோதனைகள் காட்டின. அந்நாட்டுக் குள ஆமைகளோடு சிவப்புக் காது ஆமைகளைச் சேர்த்து விட்டபோது, வெயில் காய்வதற்கு ஏற்ற நல்ல இடங்களை வந்தவை பிடித்துக்கொண்டன. நாட்டு ஆமைகள் வெயில் குறைந்த ஓரங்களுக்கு ஒதுங்கின. நாளடைவில் அவற்றின் எடை குறைந்தது, பல இறந்தும் போயின.